துறை மேற்பார்வையாளரின் கடமைகள்: களப்பணியை முதல் நாள் தொடங்கி முடிவுவரை நடத்தும் முறை

இந்த அத்தியாயம் யாருக்கு?

சமூகப்பணித் துறையில் புதிதாக ஆசிரியப் பொறுப்பேற்று, வகுப்புப் பாடங்களோடு எட்டுப் பத்து மாணவரின் களப்பணியையும் சேர்த்து ஒப்படைக்கப்பெற்று, நிறுவனத்துக்கு எப்பொழுது போவது, போய் யாரிடம் என்ன பேசுவது, வாரந்தோறும் மேசைமீது குவியும் அறிக்கைகளின் ஓரத்தில் என்ன எழுதுவது என்று தயங்கி நிற்கும் ஆசிரியருக்காக இவ்வத்தியாயம் எழுதப்பட்டிருக்கிறது. தத்துவ விசாரங்களை இங்கே வளர்க்கப் போவதில்லை. கல்வியாண்டின் தொடக்கத்தில் இடம் தேடுவது முதல் இறுதியில் கோப்பை மூடுவது வரை, எந்தக் காரியத்தை எதற்கு முன்னே செய்ய வேண்டும், எங்கே பிழை நேரும், எங்கே அபாயம் உண்டு என்பவற்றை வரிசைப்படுத்திச் சொல்வதே உத்தேசம்.

எனினும் ஒரு பூர்வாங்க விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொண்டு மேலே செல்வது நன்று. 1936-இல் பம்பாயில் தோன்றிய சர் தோராப்ஜி டாட்டா பட்டதாரி சமூகப்பணிப் பள்ளியும், 1952-இல் திருமதி மேரி கிளப்வாலா ஜாதவ் அவர்களின் முயற்சியால் எழுந்த சென்னைச் சமூகப்பணிப் பள்ளியும் நம் நாட்டில் இக்கல்விக்கு வழிவகுத்த ஸ்தாபனங்கள். அமெரிக்காவில் சமூகப்பணிக் கல்விக்கு அங்கீகாரம் வழங்கும் கவுன்சில் 2008-இல் களக்கல்வியையே இத்துறையின் முத்திரைக் கல்விமுறை என அறிவித்தது; முதுகலை மாணவருக்குக் குறைந்தது 900 மணி நேரமும் இளங்கலை மாணவருக்குக் குறைந்தது 400 மணி நேரமும் களப்பணி வேண்டும் என்பது அங்கே விதி. அங்கு மாணவருக்குத் தொழிலைக் கற்பிப்பவர் நிறுவனத்திலுள்ள பயிற்சியாளர். கல்லூரி ஆசிரியர் இரு தரப்புக்கும் இடையே தொடர்பைக் காத்து வருபவர். நம் ஊரிலோ, பயிற்சிபெற்ற சமூகப்பணியாளர் ஒருவரேனும் இல்லாத நிறுவனங்களுக்கும், இருந்தும் நூறு நோயாளிகளுக்கு நடுவில் மூச்சுவிட நேரமில்லாதவர்கள் பணிபுரியும் ஆஸ்பத்திரிகளுக்கும் மாணவரை அனுப்ப வேண்டியிருப்பதால், கற்பிக்கும் பொறுப்பும் இணைக்கும் பொறுப்பும் ஒருவர் தோளிலேயே, அதாவது கல்லூரிகளில் ஃபேகல்டி சூப்பர்வைசர் என்று வழங்கப்படும் துறை மேற்பார்வையாளரின் தோளிலேயே, பெரும்பாலும் வந்து விழுகின்றன.

மாணவர், நிறுவனம், கல்லூரி என்று மூன்று தரப்பு இதில் உண்டு என்பது வெளிப்படை. நான்காவது தரப்பு ஒன்றும் உண்டு. ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருப்பவர், இல்லத்தில் வளரும் சிறுவன், கூலி வேலை முடிந்து வீடு திரும்பும் தாய் ஆகிய இவர்களைக் கொண்டே மாணவர் தொழில் பழகுகிறார். ஆயினும் எந்த உடன்படிக்கையிலும் அவர்கள் கையெழுத்து இடுவதில்லை, எந்தக் கூட்டத்திலும் அவர்களுக்கு நாற்காலி இல்லை. அந்தத் தரப்பின் நலனைக் கூட்டத்தில் நினைவூட்ட வேண்டியவர் நீங்கள். இனிச் சொல்லப்படும் ஒவ்வொரு படியையும் இந்தக் கடமையைக் கொண்டே அளந்து பாருங்கள்.

முதல் கட்டம்: இடம் தேர்ந்தெடுத்தல்

அனுமதிக் கடிதங்களுக்குக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தேவை என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். அரசு மருத்துவமனைக்கு அதன் முதல்வர் அல்லது கண்காணிப்பாளர், குழந்தைகள் இல்லத்துக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகம், கிராமப் பணிக்கு வட்டார வளர்ச்சி அலுவலர் என்று ஒவ்வோரிடத்துக்கும் அனுமதி தருபவர் வேறு வேறாக இருப்பதால், ஒரே கடித நகலைப் பெயர் மாற்றி எல்லாருக்கும் அனுப்பும் வழக்கத்தைக் கைவிடுக. அதன் பிறகு நேரில் சென்று கீழ்க்கண்டவற்றைப் பார்த்து வாருங்கள்.

1. மாணவரோடு வாரத்தில் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து பேசக்கூடிய ஒருவர் அங்கே இருக்கிறாரா? அவர் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். "எல்லாரும் பாத்துக்குவோம் சார்" என்று சொல்லும் இடத்தில் ஒருவரும் பார்ப்பதில்லை.
2. மாணவர் மனிதர்களைச் சந்திக்க வாய்ப்பு உண்டா, அல்லது பதிவேடுகளை மட்டுமே சந்திப்பாரா?
3. உட்கார ஓர் இடம், குடிநீர், மாணவியர் பயன்படுத்தத்தக்க கழிப்பறை ஆகியவை இருக்கின்றனவா? இவற்றைக் கேட்க வெட்கப்படுவோர் பலர். கேட்காமல் விட்டதன் துன்பம் மாணவியரையே சேர்கிறது.
4. பேருந்து எங்கே நிற்கிறது, கடைசிப் பேருந்து எப்பொழுது, நிறுத்தத்திலிருந்து நடக்கும் வழி எப்படிப்பட்டது? ஒருமுறை நீங்களே அவ்வழியில் போய்ப் பாருங்கள்.
5. மாணவர் விடுமுறையில் இருக்கும் நாள்களில் அவர் தொடங்கிய வேலையைத் தொடர்பவர் யார்? இதற்கு விடையில்லாத நிறுவனத்தில் மாணவரைத் தனிநபர் பணியில் ஈடுபடுத்தாமல், குழுப்பணியோடோ சமுதாயப்பணியோடோ நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாம் கட்டம்: மாணவரையும் இடத்தையும் பொருத்துதல்

வருகைப் பதிவேட்டு வரிசைப்படி மாணவரைப் பங்கிட்டு அனுப்புவது எளிது. அந்த எளிமைக்கான விலையைப் பின்னர் கொடுக்க நேரும். ஒவ்வொரு மாணவரிடமும் தனியாகப் பதினைந்து நிமிஷம் பேசி, அவர் அறிந்த மொழிகள், வீட்டிலிருந்து உள்ள தூரம், உடல்நிலை, முந்தைய அனுபவம் ஆகியவற்றைக் கேட்டறியுங்கள். தகப்பனாரின் குடியால் அல்லலுற்ற குடும்பத்திலிருந்து வரும் மாணவர் குடிநோய் மீட்பு மையத்தில் மிகச் சிறப்பாகவும் பணிபுரியலாம், மிகவும் உடைந்தும் போகலாம். எது நிகழும் என்று நாம் ஊகித்து முடிவுசெய்யாமல், அவரிடமே மெதுவாகக் கேட்டு, விரும்பாவிடில் வேறிடம் உண்டு என்று உறுதி கூறி, அவர் சொன்னதை நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் அந்தரங்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

போக்குவரத்துச் செலவையும் கணக்கில் கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை; ஆனால் ஆண் மாணவருக்கும், அப்பேருந்து போகாத ஊர்களுக்குச் செல்லும் மாணவியர்க்கும் வாரம் இரண்டு நாள் செலவு உண்டு. முதல் தலைமுறைப் பட்டதாரியான ஒரு மாணவர் அடிக்கடி களப்பணிக்கு வராமல் நின்றுவிடுவதற்குச் சோம்பலைக் காட்டிலும் சட்டைப்பையே காரணமாயிருத்தல் உண்டு.

குறிப்பு: கிராமத்துக்கோ நகரத்துக் குடிசைப் பகுதிக்கோ செல்லும் மாணவரை நோக்கி முதல் வாரத்திலேயே, "நீங்க எந்த ஊரு, என்ன ஆளுங்க?" என்ற கேள்வி வரும். சாதியைத் துருவும் இக்கேள்விக்கு முகஞ்சுளிக்காமலும், பொய் சொல்லாமலும், பதிலில் அகப்பட்டுக்கொள்ளாமலும் "நாங்க காலேஜ்ல இருந்து வர்றோம்மா, இந்தத் தெருவுல எல்லார் வீட்டுக்கும் வருவோம்" என்று சொல்லிப் பேச்சைத் தொடர, வகுப்பிலேயே ஒத்திகை பார்த்து அனுப்புங்கள். அவ்வாறு சொன்னபின் உண்மையிலேயே எல்லாத் தெருக்களுக்கும், எல்லார் வீட்டுக்கும் போக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மூன்றாம் கட்டம்: ஒரு பக்க உடன்படிக்கை

பிற்காலத்துச் சச்சரவுகளில் பெரும்பாலானவை முதல் வாரத்தில் பேசப்படாமற்போன விஷயங்களிலிருந்தே முளைக்கின்றன. ஆகவே, மாணவர், நிறுவன மேற்பார்வையாளர், நீங்கள் ஆகிய மூவரும் ஒன்றாக அமர்ந்து, ஒரு பக்கத்துக்கு மேற்படாமல், தமிழிலோ மூவருக்கும் பழக்கமான மொழியிலோ ஓர் உடன்படிக்கை எழுதி, மூன்று பிரதி எடுத்து, மூவரும் கையெழுத்திடுங்கள். அதில் இடம்பெற வேண்டியவை:

1. களப்பணி நாள்களும் நேரமும். (பல கல்லூரிகளில் வாரம் இரண்டு நாள், பரீட்சைக் காலத்துக்கும் கிராம முகாமுக்கும் உரிய விடுப்பு இன்ன தேதிகளில் என்று முன்கூட்டியே குறிக்கப்பட வேண்டும்.)
2. மாணவர் இப்பருவத்தில் கற்கவேண்டிய மூன்று அல்லது நான்கு திறன்கள். "சமூகப்பணியைக் கற்றல்" என்று எழுதுவதில் பயனில்லை; "உள்நோயாளிகளின் குடும்ப வரலாற்றைக் கேட்டுப் பதிவுசெய்தல்" என்று எழுதுக.
3. மாணவர் செய்யலாகாத காரியங்கள்: மருந்து கொடுத்தல், பணம் கைமாற்றல், நிறுவனத்தின் சார்பில் வாக்குறுதி அளித்தல், தனியாக வாகனத்தில் பயனாளியை அழைத்துச் செல்லுதல்.
4. வர இயலாத நாளில் யாருக்கு, எத்தனை மணிக்குள் தகவல் தர வேண்டும் என்பது.
5. பதிவேடுகள் எங்கே இருக்கும், எவை வெளியே போகலாம், அறிக்கையில் பெயர்கள் எவ்வாறு மறைக்கப்படும் என்பது.
6. தம்மைச் சந்திப்பவர் மாணவர் என்பதையும், வேண்டாமென்று மறுத்தாலும் சிகிச்சையிலோ உதவியிலோ குறைவு வராது என்பதையும் பயனாளிக்கு யார் சொல்வார் என்பது.
7. அவசர காலத்தில் அழைக்க வேண்டிய இருவரின் பெயர்.
8. உங்கள் வருகைகளின் தேதிகளும், இடைக்கால மதிப்பீட்டின் தேதியும்.

ஆறாவது அம்சத்தை நிறுவனத்தார் பலர் புதுமையாகக் கருதுவர். அதை விட்டுக்கொடுக்காதீர்கள். வெள்ளைக் கோட்டு அணிந்து வந்தவரை டாக்டர் என்று எண்ணி ஒரு நோயாளி தம் வாழ்க்கை முழுவதையும் சொல்லிவிட்ட பிறகு, வந்தவர் மாணவர் என்று அறிவது நியாயமாகாது.

நான்காம் கட்டம்: வாரந்தோறும் அறிக்கையும் உரையாடலும்

களப்பணி நாளுக்கு அடுத்த நாள் அறிக்கை உங்கள் கைக்கு வர வேண்டும். அடுத்த களப்பணி நாளுக்கு முன்பே உங்கள் குறிப்போடு மாணவர் கைக்குத் திரும்ப வேண்டும். மூன்று வாரத்து அறிக்கைகளை ஒருசேர வாங்கி, ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையில் ஒரு கையெழுத்து மட்டும் இட்டுத் திருப்பும் மேற்பார்வை, மாணவரைப் பழைய அறிக்கையைப் பார்த்துப் புதிய அறிக்கையை எழுதும் வித்தையில் மட்டுமே தேர்ச்சியுறச் செய்கிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். மனநல வார்டில் பணிபுரியும் மாணவி ஒருவர் இவ்வாறு எழுதியிருக்கிறார் எனக் கொள்வோம்: "நோயாளியின் மனைவிக்கு ஆலோசனை வழங்கப்பட்டது. அவர் ஒத்துழைப்பு நல்கவில்லை." இதன் ஓரத்தில் "நன்று" என்றோ "விரிவாக எழுதுக" என்றோ குறிப்பதால் விளைவது ஒன்றுமில்லை. "நீங்கள் சொன்ன வார்த்தை என்ன? அவர் சொன்ன வார்த்தை என்ன? நினைவில் உள்ளபடி எழுதுக" என்று கேட்டுத் திருப்புங்கள். அப்போது வருவது இவ்வாறு இருக்கக்கூடும்:

மாணவி: அக்கா, அண்ணன் மாத்திரை ஒழுங்கா போடுறாரா?
மனைவி: போடுறாரு.
மாணவி: நீங்க பக்கத்துல இருந்து பாத்துக்கணும் அக்கா.
மனைவி: நான் காலையில அஞ்சு மணிக்குப் போனா ராத்திரி ஏழு மணிக்குத்தான் வருவேன். பக்கத்துல உக்காந்துட்டா அடுப்பு எரியுமா?
மாணவி: இருந்தாலும் குடும்பத்தோட சப்போர்ட் முக்கியம் அக்கா.
(அதன்பின் அவர் பேசவில்லை.)

இப்பொழுது பிழை எங்கே நேர்ந்தது என்பதை மாணவியே கண்டுகொள்வார். பதினான்கு மணி நேரம் வெளியே உழைத்துவரும் ஒரு பெண் தம் நிலைமையைச் சொன்னார்; அதைக் காதில் வாங்காமல் பாடப்புத்தகத்து வாக்கியம் ஒன்று பதிலாக வந்தது; அவர் வாய் மூடிக்கொண்டார். ஒத்துழைக்காதவர் யார் என்று நீங்கள் கேட்கவும் வேண்டுவதில்லை. "அடுப்பு எரியுமா என்று அவர் கேட்டபோது உங்களுக்கு என்ன தோன்றியது? இரவு ஏழு மணிக்குமேல் மாத்திரை கொடுக்கும்படி வேளையை மாற்ற இயலுமா என்று டாக்டரிடம் கேட்கலாமா?" என்ற இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வார உரையாடலுக்கு உரிய வரிசை:

1. தனி உரையாடலை வாரம் ஒருமுறை, குறித்த நாளில், குறித்த நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தாழ்வாரத்தில் நின்றபடி பேசுவது உரையாடலாகாது.
2. முதலில் மாணவர் பேசட்டும். எது நன்றாக நடந்தது, எது உறுத்துகிறது என்பதை அவர் சொன்னபின் உங்கள் குறிப்புக்கு வாருங்கள்.
3. ஓர் உரையாடலில் ஒரு திறனை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.
4. அடுத்த களப்பணி நாளில் செய்யப்போகும் ஒரு காரியத்தை மாணவரே தம் வாயால் சொல்லி முடிக்கட்டும்.
5. குழு உரையாடலில் ஒரு மாணவர் ஒரு நிகழ்ச்சியை முன்வைக்க, மற்றவர்கள் கேள்வி கேட்கட்டும். பயனாளியின் பெயர், ஊர், தெரு ஆகியவை அங்கேயும் சொல்லப்படலாகாது. பத்துப் பேர் அமர்ந்த அறையில் ஒருவருக்கு அது சொந்த ஊராக இருக்கக்கூடும்.

எச்சரிக்கை: மாணவரின் சொந்தத் துயரங்கள் உரையாடலில் வெளிப்படும்போது பரிவோடு கேளுங்கள்; ஆனால் அவருக்கு நீங்களே சிகிச்சையளிப்பவராக மாறிவிடாதீர்கள். மதிப்பெண் இடும் கையும் மனக்காயத்துக்கு மருந்திடும் கையும் ஒன்றாயிருப்பது இருவருக்கும் நல்லதன்று. கல்லூரியின் ஆலோசகரிடமோ வெளியிலுள்ள மனநல நிபுணரிடமோ வழிகாட்டுங்கள்.

ஐந்தாம் கட்டம்: நிறுவனத்துக்குச் செல்லுதல்

ஒரு பருவத்தில் மூன்று வருகைகள் நியாயமான அளவு: முதல் மூன்று வாரத்துக்குள் ஒன்று, நடுவில் ஒன்று, முடிவுக்குச் சற்று முன்னே ஒன்று. மாணவர் கையும் களவுமாக அகப்படட்டும் என்று அறிவிப்பின்றிப் போய் நிற்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. வருகைப் பதிவேட்டைச் சரிபார்க்க அது உதவலாம். நிறுவனத்தாரின் நன்மதிப்பைப் பெற உதவாது. ஒவ்வொரு வருகைக்கும் பின்வரும் வரிசையைக் கைக்கொள்ளுங்கள்.

1. மூன்று நாள் முன்பே தொலைபேசியில் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். புறநோயாளிப் பிரிவு நெரிசலாயிருக்கும் காலைப் பொழுதைத் தவிர்க்கவும்.
2. கடைசி நான்கு அறிக்கைகளை மறுபடி படித்து மூன்று கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள்.
3. முதலில் நிறுவன மேற்பார்வையாளரைத் தனியே பார்த்துக் கால் மணி நேரம் பேசுங்கள். "பையன் எப்படி?" என்று கேட்டால் "நல்ல பையன் சார்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். "சென்ற வாரம் அவர் செய்தவற்றில் உங்களுக்குப் பயன்பட்டது எது? திருத்த வேண்டியிருந்தது எது?" என்று கேளுங்கள்.
4. பிறகு மாணவரைத் தனியே பாருங்கள். நிறுவனத்தார் முன்னிலையில் சொல்ல இயலாத விஷயம் இருந்தால் அதற்கு இதுவே சந்தர்ப்பம்.
5. மூவரும் சேர்ந்து அமருங்கள். பேச்சை மாணவரே தொடங்கட்டும். அவருக்காக நீங்கள் பதில் சொல்லவும் வேண்டாம். நிறுவனத்துக்காக அவரைக் கண்டிக்கவும் வேண்டாம்.
6. மாணவர் பணிபுரியும் இடத்தைப் பாருங்கள். பயனாளியோடு அவர் பேசுவதைக் கேட்க விரும்பினால் பயனாளியின் சம்மதத்தை முன்னரே பெறுங்கள். அவர் தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள்.
7. புறப்படும் முன், யார் எதை எந்தத் தேதிக்குள் செய்வது என்று முடிவானதோ அதை வாய்விட்டுச் சொல்லி மூவரிடமும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.
8. அன்றைக்கே அரைப் பக்கத்தில் வருகைக் குறிப்பு எழுதி, ஒரு பிரதியை நிறுவனத்துக்கு அனுப்புங்கள்.

ஆறாம் கட்டம்: சிக்கல் எழும்போது

எல்லாச் சிக்கலுக்கும் பொதுவான ஏறுவரிசை ஒன்று உண்டு: முதலில் மாணவர் நிறுவன மேற்பார்வையாளரிடம் தாமே பேச முயலட்டும், அதற்குரிய சொற்களை உங்களிடம் ஒத்திகை பார்க்கட்டும். பயனில்லையாயின் மூவர் கூட்டம், அதுவும் பலிக்காவிடில் துறையின் களப்பணி ஒருங்கிணைப்பாளர், இறுதியில் இடமாற்றம். பாதுகாப்பு, பாலியல் தொல்லை, குழந்தைக்குத் தீங்கு ஆகிய மூன்றில் மட்டும் இந்த வரிசை செல்லாது. அவற்றைக் கேட்ட அன்றே நீங்கள் நேரடியாகத் தலையிட வேண்டும்.

அடிக்கடி நேரும் மூன்று சிக்கல்கள்:

மாணவர் எழுத்தராக்கப்படுதல். கணினியில் பதிவேற்றுவதும் ஜெராக்ஸ் எடுப்பதுமே வேலையாகிவிட்டது என்று மாணவர் முறையிடுவார். உடன்படிக்கையின் இரண்டாவது அம்சத்தை மேசைமீது வைத்து, "இந்தத் திறனைக் கற்க வாரத்தில் எந்த அரைநாளை ஒதுக்கலாம்?" என்று கேளுங்கள். அலுவலக வேலையை அறவே மறுக்கச் சொல்லாதீர்கள். அதில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்வது நிறுவனத்தை அறிந்துகொள்ள உதவுகிறது.

மாணவர் எல்லை மீறி ஒட்டிக்கொள்ளுதல். தம் கைப்பணத்தைக் கொடுத்தல், சொந்தக் கைப்பேசி எண்ணைத் தருதல், ஞாயிற்றுக்கிழமையிலும் வீட்டுக்குப் போய்வருதல் ஆகியவை நல்ல உள்ளத்திலிருந்தே பிறக்கின்றன. ஆனால் பருவம் முடிந்து மாணவர் போனபின் அந்த எண்ணுக்கு அழைத்துக்கொண்டே இருப்பவர் பயனாளிதான் என்பதை நினைவூட்டி, அந்த உதவியை அரசுத் திட்டமோ நிறுவனமோ தருவதற்கு வழி தேடச் செய்யுங்கள்.

நிறுவன மேற்பார்வையாளர் மாற்றலாகிப் போதல். புதியவர் வருமட்டும் மாணவர் தனிநபர் பணியைப் புதிதாகத் தொடங்கலாகாது. தொடங்கியவற்றைப் பொறுப்பேற்க இடைக்காலத்தில் ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்கும்படி நிறுவனத் தலைவரைக் கேளுங்கள்.

ஏழாம் கட்டம்: பாதுகாப்பு

வீடுகளுக்குச் செல்லும்போது

1. முதல் சில வாரங்களில் இருவராகவே செல்ல வேண்டும். பொழுது சாய்வதற்கு முன் திரும்ப வேண்டும்.
2. எந்த வீட்டுக்கு, எத்தனை மணிக்கு என்பதை நிறுவனத்தில் எழுதிவைத்துச் செல்லவும், திரும்பியதும் தகவல் தரவும் வேண்டும்.
3. வாசலுக்கு அருகில் அமர வேண்டும். வீட்டில் குடிபோதையிலிருப்பவரோ கைகலப்போ கண்டால் "இன்னொரு நாள் வர்றோம்" என்று சொல்லி வெளியேற வேண்டும். அவ்வாறு வெளியேறியதற்காக மதிப்பெண் குறையாது என்பதை முதல் நாளே அறிவித்துவிடுங்கள்.

மருத்துவமனைகளில்

மஞ்சட்காமாலை பி வகைக்கான தடுப்பூசி முதல் தவணை, ஒரு மாதம், ஆறு மாதம் என மூன்று தவணைகளாக இடப்படுவதால், பருவம் தொடங்கும் முன்பே அதைத் தொடங்கச் செய்யுங்கள். ஊசி குத்திவிட்டால், காயத்தைப் பிதுக்காமல் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது உத்தமம். 72 மணி நேரத்துக்குப் பின் தொடங்குவதால் பயனில்லை. 28 நாள் உட்கொள்ள வேண்டும். இச்செய்தியை ஒரு சீட்டில் அச்சிட்டு ஒவ்வொரு மாணவரிடமும் கொடுத்துவையுங்கள்.

குழந்தைக்குத் தீங்கு என்று அறிந்தால்

18 வயது நிரம்பாதவருக்குப் பாலியல் குற்றம் இழைக்கப்பட்டதை அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு; தெரிவிக்காமை 21-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. மாணவரும் இதற்கு விலக்கல்லர், நீங்களும் விலக்கல்லர். "யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று எந்தக் குழந்தைக்கும் வாக்குக் கொடுக்கலாகாது என்பதை முன்னரே கற்பியுங்கள். "உன்னைக் காப்பாத்துறவங்ககிட்ட மட்டும் சொல்வேன்" என்பதே சொல்லத்தக்கது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இச்சேவை 1996-இல் பம்பாய் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் களச் செயல்திட்டமாகவே தொடங்கியது என்பதை மாணவருக்குச் சொல்லுங்கள். தாங்கள் செய்யும் களப்பணி எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதை அவர்கள் அறியட்டும்.

ஒருவர் தற்கொலை எண்ணத்தை வெளியிட்டால்

மாணவர் அவரைத் தனியே விட்டு வரலாகாது. இரகசியம் காப்பதாக உறுதி கூறலாகாது. அந்தக் கணமே நிறுவன மேற்பார்வையாளரை அழைக்க வேண்டும். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணையும் குறித்துவைத்திருக்கட்டும். அன்று மாலை மாணவரோடும் நீங்கள் பேசுங்கள். அந்தப் பாரத்தோடு அவர் தனியே வீடு திரும்புவது நல்லதன்று.

மாணவருக்கே பாலியல் தொல்லை நேர்ந்தால்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் களப்பயணம், உள்ளிருப்புப் பயிற்சி, முகாம் முதலிய இடங்களையும் கல்லூரி வளாகத்தின் நீட்சியாகவே கருதுகின்றன. ஆகவே "வெளி நிறுவனத்தில் நடந்தது" என்று கைகழுவ இடமில்லை. மாணவியை அவ்விடத்துக்கு மறுபடி அனுப்பாதீர்கள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுத்து மூலம் புகார் தரலாம் என்பதைத் தெரிவித்து, முறையிடுவதா என்ற முடிவை அவரிடமே விடுங்கள். இடம் மாறியதால் இழந்த நாள்களுக்கு மதிப்பெண் குறைக்கப்படலாகாது.

புகைப்படமும் கைப்பேசியும்

நிகழ்ச்சியறிக்கைக்குப் படம் வேண்டும் என்று கல்லூரிகளே வற்புறுத்தும் காலம் இது. பராமரிப்பில் உள்ள குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் தடைசெய்கிறது. மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவரின் தகவலையும் படத்தையும் அவர் சம்மதமின்றி ஊடகங்களில் வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடுக்கிறது. மாணவர் நட்டுவைத்த மரத்தைப் படமெடுக்கலாம். நோயாளியின் முகத்தை எடுக்கலாகாது.

எட்டாம் கட்டம்: மதிப்பீடு

1. பருவத்தின் நடுவில் மூவரும் கூடி இடைக்கால மதிப்பீடு செய்யுங்கள். உடன்படிக்கையில் எழுதிய திறன்களே அளவுகோல்.
2. ஒவ்வொரு மதிப்புக்கும் ஓர் உதாரணம் காட்டுங்கள். "ஆர்வம் போதாது" என்பது அபிப்பிராயம். "நான்கு வாரத்தில் இரண்டு குடும்பங்களையே சந்தித்தார்" என்பது சான்று.
3. தேர்ச்சி ஐயத்துக்குரியதாயிருப்பின், திருத்தவேண்டியவற்றை எழுத்தில் கொடுத்து, அவகாசமும் கொடுங்கள். இறுதி வாரத்தில் திடீரென்று அறிவிப்பது அநீதி.
4. அவகாசத்துக்குப் பின்னும் பயனாளிக்குத் தீங்கு விளைவிக்கும் நிலையிலேயே ஒருவர் இருப்பாராயின், இரக்கத்தால் தேர்ச்சி அளிக்காதீர்கள். வகுப்பறைத் தாளில் இடும் கருணை மதிப்பெண் ஒருவரோடு போகும். இங்கே இடுவது அவர் நாளை சந்திக்கப்போகும் குடும்பங்கள்வரை தொடரும்.

அடிக்கடி நேரும் தவறுகள்

• நிறுவனத் தலைவர் சொன்னதையே முழு உண்மையாகக் கொள்ளுதல். அல்லது மாணவர் சொன்னதையே கொள்ளுதல்.
• நல்ல மாணவருக்கு மேற்பார்வை வேண்டுவதில்லை என்று எண்ணி அவரை மறந்துவிடுதல்.
• "அடுத்த ஆண்டு இடம் தரமாட்டார்கள்" என்ற அச்சத்தால் நிறுவனத்தின் குறைகளைப் பேசாமல் விழுங்குதல்.
• அறிக்கையின் பக்க எண்ணிக்கையைக் கொண்டு பணியின் அளவை மதிப்பிடுதல்.
• நிறுவனத்தார் வருடம் முழுவதும் செய்த உபகாரத்துக்கு ஒரு நன்றிக் கடிதமும் அனுப்பாமல், அடுத்த ஜூனில் மறுபடி அனுமதி கேட்டு நிற்றல்.

ஒன்பதாம் கட்டம்: விடைபெறுதல்

மாணவர் போவது பயனாளிக்குத் திடீர்ச் செய்தியாக வரலாகாது. முடிவுக்கு நான்கு வாரம் முன்பே மாணவர் தம் புறப்பாட்டைச் சொல்லத் தொடங்க வேண்டும். வாரந்தோறும் நினைவூட்ட வேண்டும். குழந்தைகள் இல்லங்களில் இதற்குத் தனிக் கவனம் தேவை. ஆண்டுதோறும் புதிய அண்ணனும் அக்காவும் வந்து அன்பு காட்டிப் போய்விடுவதைப் பலமுறை கண்ட குழந்தை, அடுத்து வருபவரிடம் பேசாமலிருப்பதில் வியப்பில்லை. "மறுபடி வருவேன்" என்று, வர உத்தேசமில்லாதவர் சொல்லலாகாது.

பின்னர் மாணவர் ஒரு பட்டியல் தயாரிக்கட்டும்: தாம் சந்தித்துவந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வரி, இதுவரை நடந்தது, எஞ்சியிருப்பது, இனிப் பார்ப்பவர் பெயர், அடுத்துச் சந்திக்கும் நாள். இப்பட்டியல் நிறுவனத்தில் இருக்க வேண்டும். மாணவரின் அறிக்கை நகலில் பெயர்கள் நீக்கப்பட வேண்டும். கைப்பேசியில் உள்ள எண்களும் படங்களும் உங்கள் முன்னிலையில் அழிக்கப்பட வேண்டும்.

வாய்மொழித் தேர்வுக்கு மாணவரை அனுப்பும் முன் அப்பட்டியலை வாங்கி, "இனிப் பார்ப்பவர் பெயர்" என்ற பத்தியை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்துப் பாருங்கள். ஏதேனும் ஒரு வரியில் அந்த இடம் காலியாயிருந்தால், களப்பணி நிறைவடைந்ததாகக் கையெழுத்திடாமல், நிறுவன மேற்பார்வையாளரைத் தொலைபேசியில் அழைத்து அதை நிரப்பிவிட்டுப் பிறகு கையெழுத்திடுங்கள்.